கார் இல்லாமல் அட்லாண்டாவில் இருக்க முடியுமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் அட்லாண்டா வருவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆறு மாதம் கார் வாங்காமல் ரயிலிலேயே சமாளிக்கலாமா, கறுப்பர்கள் இருக்கும் பக்கம் வீடு எடுக்காதே என்று எல்லோரும் சொல்வது சரிதானா, குக்கரும் புளியும் எவ்வளவு கட்டிக்கொண்டு வருவது என்று மூன்று கேள்வி. மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். எதையும் சுமக்க வேண்டாம். டிகேட்டரில் நம் ஊர்ச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. குழந்தையின் தடுப்பூசி அட்டையை மட்டும் கைப்பையில் வையுங்கள், பள்ளியில் கேட்பார்கள்.

மற்ற இரண்டையும் நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் அவை இரண்டும் ஒரே கேள்வி.

நான் 1995 ஆகஸ்டில் வந்து இறங்கினேன். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் என்று ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். கம்பெனி எனக்கு நார்கிராஸ் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட் பிடித்துக் கொடுத்தது. வேலை நகரத்தின் நடுவில். வரைபடத்தில் ரயில் பாதை தெரிந்ததும், மாம்பலத்தில் ஏறி பீச்சில் இறங்குவது போலத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ரயில் டோராவில் என்ற ஊரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து என் வீட்டுக்கு மூன்றரை மைல். என் வீடு இருந்த க்வினெட் கவுண்டிக்குள் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) அப்போது பேருந்தே கிடையாது. பியூஃபர்ட் ஹைவே ஓரமாக நடந்தேன். ஏழு தடச் சாலை, நடைபாதை இல்லை. எனக்கு முன்னால் வந்த மெக்சிகோக்காரர்களும் வியட்நாம்காரர்களும் நடந்து நடந்து புல்லில் ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. அந்தச் சாலையைக் கடக்கும்போது அடிபட்டு இறந்தவர்கள் எத்தனையோ பேர். இருட்டிய பிறகு குழந்தையைக் கூட்டிக்கொண்டு அங்கே நடக்கவே கூடாது. இதை எச்சரிக்கையாகவே சொல்கிறேன்.

ரயில் ஏன் அங்கேயே நின்றது என்று எனக்குச் சொன்னவர், எங்கள் அலுவலகக் கட்டடத்தில் காவல் பணியில் இருந்த ஒரு கறுப்பினப் பெரியவர். ஜார்ஜியா மண் நம் செம்மண் மாதிரியே இருக்கும். மழை நாளில் என் ஷூ முழுக்கச் செம்மண் அப்பியிருப்பதைப் பார்த்து, தம்பி எங்கிருந்து நடந்து வருகிறாய் என்று கேட்டார். அன்று மாலையே தன் பழைய காரில் என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டார். நான் லைசென்ஸ் எடுக்கும் வரை, நான்கு மாதம், வாரத்தில் மூன்று நாளாவது அப்படி விட்டிருப்பார். அவர் வீடு இருந்தது வேறு திசையில்.

வழியில் சொன்னார். மார்ட்டா என்ற இந்த நகர ரயிலை, நகரத்தைச் சுற்றியிருக்கும் கவுண்டிகளுக்கும் நீட்டத்தான் திட்டம் போட்டிருந்தார்கள். 1965-ல் காப் கவுண்டி வேண்டாம் என்று வாக்களித்தது. 1971-ல் க்வினெட்டும் கிளேட்டனும் வேண்டாம் என்றன. அட்லாண்டா நகரம் அடங்கிய ஃபுல்டனும் டிகால்பும் மட்டும் ஒத்துக்கொண்டன. வரி ஒரு காரணம். நகரத்துக் கறுப்பர்கள் ரயிலேறித் தங்கள் பக்கம் வந்துவிடுவார்கள் என்ற வெள்ளையர்களின் பயம் இன்னொரு காரணம், பெரிய காரணம். கிளேட்டன் 2014-ல் மனம் மாறியது. க்வினெட் 1990-லும் மறுத்தது, 2019-லும் மறுத்தது. 2019-ல் நம் ஆட்களிலேயே எனக்குத் தெரிந்த சிலர், ரயில் வந்தால் கண்டவர்கள் வருவார்கள், வீட்டு விலை இறங்கும் என்று எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவர் வந்த புதிதில் அதே ஹைவே ஓரம் நடந்தவர். அவரோடு எனக்கு இன்றுவரை பேச்சு வார்த்தை சரியில்லை.

ஆகவே கார் இல்லாமல் இருக்க வேண்டுமானால் டிகேட்டர், சாம்ப்ளி, டோராவில் இந்த மூன்றில் ஒன்றில், நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி. கடன் வரலாறு உங்களுக்கு இங்கே பூஜ்யம். அவசரப்பட்டுக் கார்க்கடைக்குப் போனால் கொள்ளை வட்டி போடுவார்கள். என் முதல் காருக்கு நான் கட்டிய வட்டியில் ஊரில் ஒரு மனை வாங்கியிருக்கலாம்.

கார் ஓட்டத் தொடங்கிய பின் ஒன்றை மறக்காதீர்கள். பின்னால் போலீஸ் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்காருங்கள். நம் ஊர் வழக்கப்படி மரியாதைக்காக இறங்கி அவரை நோக்கி நடக்காதீர்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், அவர் கண்ணில் படும்படி. கேட்ட பிறகு, சொல்லிவிட்டு, மெதுவாகக் காகிதத்தை எடுங்கள். இதை எனக்கு அந்தப் பெரியவர்தான் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். தன் பையன்கள் இருவருக்கும் பதினாறு வயதில் இதே பாடத்தைச் சொல்லிக் கொடுத்தாராம். சொல்லும்போது அவர் குரல் மாறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஆபர்ன் அவென்யூவுக்கு அழைத்துப் போனார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடும், அவரும் அவர் தந்தையும் போதகர்களாக இருந்த எபனேசர் தேவாலயமும் அந்தத் தெருவில்தான். கறுப்பர்கள் தங்களுக்கென்று வங்கி, காப்பீட்டு நிறுவனம், நாளிதழ் எல்லாம் நடத்திய தெரு. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலே நெடுஞ்சாலை போகிறது. கிங் 1959-ல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததாகவும் 1965 ஜூலை 4 அன்று அதே எபனேசரில் கிங் பேசினார். தான் அன்று அங்கே உட்கார்ந்து கேட்டதாகப் பெரியவர் சொன்னார். சொல்லிவிட்டு, உங்கள் ஊரில் அது இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். எங்கள் தெருவையும் ஊருக்கு வெளியே இருந்த காலனியையும் நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். இங்கேயும் சாதிக்கொரு வாட்ஸ்அப் குழு வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் தகுதியால் வந்தோம் என்று பெருமை பேசுகிறவர்களை இங்கே நிறையச் சந்திப்பீர்கள். 1923-ல் பகத் சிங் திந்த் என்பவர் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திந்த் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், பெர்க்லியில் படித்தவர். தகுதி அவருக்கு என்ன குறைச்சல்? 1946-ல் சட்டம் மாறியும் ஆண்டுக்கு 100 இந்தியர்தான். கறுப்பர்கள் அடிபட்டுச் சிறை சென்று, 1964-ல் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடுத்த சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டத்தையும் வாங்கினார்கள். அந்தக் காற்றிலேதான் அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று அதிபர் ஜான்சன் குடிவரவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார், நாடுவாரி ஒதுக்கீடு ஒழிந்தது. நானும் நீங்களும் வந்த வாசல் அதுதான். அந்த வாசலைத் திறந்தவர்களின் பக்கத்து வீட்டில் குடியிருக்காதே என்று, வந்து இரண்டு மாதமான பையனுக்குச் சொல்லிக் கொடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டோன் மவுன்டன் என்ற பெரும்பாறையின் பக்கம் இருக்கிறேன். கறுப்பர்களை அடித்துக் கொன்ற வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளான் 1915-ல் மீண்டும் உயிர்பெற்றது அந்தப் பாறையின் மேல்தான். இன்று அதன் அடிவாரத்தில் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது பத்து நாள் சோறு வந்தது வலது பக்கத்து வீட்டிலிருந்து. திருட்டு நடக்கும் தெரு எல்லா நிறத்தாரிடமும் உண்டு. வீடு பார்க்கும்போது பகலில் ஒரு தடவை, இரவு பத்து மணிக்கு ஒரு தடவை அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். குடியிருப்பவரிடம் பேசுங்கள். அதுவே போதும்.

எந்த விமானம், எத்தனை மணி என்று எழுதுங்கள், நான் வருகிறேன். குழந்தைக்குக் கார் சீட் இல்லாமல் இங்கே வண்டியில் ஏற்றக் கூடாது. என் பேத்தியுடையது வீட்டில் சும்மாதான் இருக்கிறது, மாட்டிக்கொண்டு வருகிறேன்.