சட்டம் படித்தவருக்குச் சென்னையில் ஏழைகளின் வீட்டுவசதி சார்ந்த அரசுப் பணியில் இடம் உண்டா?

உண்டு. ஆனால் 'வீட்டுவசதி வக்கீல்' என்று தனிப் பதவி கிடையாது. மாநகராட்சி, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரை குடிசை மாற்று வாரியம்) போன்றவற்றுக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடும் ஸ்டாண்டிங் கவுன்சிலாக (அந்த அமைப்பின் நிலையான வழக்கறிஞராக) ஆவதே பலர் போகும் வழி. அதற்குச் சில வருட பிராக்டிஸ் வேண்டும். அதுவரை ஒரு சீனியர் வக்கீலிடம் ரிட் மனுக்கள் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனுக்கள்) எழுதிப் பழகுங்கள்.

முதலில் படிக்க வேண்டியது 1971-ஆம் ஆண்டு குடிசைப் பகுதிச் சட்டம். ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு முறைப்படி அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் அனுமதியின்றி அங்கே குடியிருப்பவரை வெளியேற்ற வழக்கே போட முடியாது. அறிவிக்காத பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சென்னையில் 1985-க்குப் பிறகு நெடுங்காலம் புதிய அறிவிப்பே வரவில்லை! கூவம் கரையிலிருந்து வெளியேற்றப்பட்டு, தொலைவில் பெரும்பாக்கத்தில் உள்ள வாரியக் குடியிருப்புக்குப் போன குடும்பங்களின் கதையில் பாதி இதில்தான் இருக்கிறது.

அப்புறம், நிலப் பதிவேடு. பட்டா, புறம்போக்கு, நீர்நிலை என்ற வகைப்பாடு புரியாமல் இந்தத் துறையில் காலம் தள்ள முடியாது. தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய அலுத்துக்கொள்பவர் வேறு துறை பார்க்கலாம்.

வாரியத்துக்கு வாதாடும்போது, வெளியேற்றத்தை நியாயப்படுத்தும் பக்கமும் உங்களுக்கு வரும். அதற்கும் மனம் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.