2.40 என்ற எண்ணுக்கு மூன்று விடைகள்

கேள்வி: எண்ணெய்க் கிணற்றுக்குள் கருவியை இறக்கி எடுத்த அடர்த்தி லாகில் (ஆழம்வாரியான பதிவில்) ஓர் ஆழத்தில் கன சென்டிமீட்டருக்கு 2.40 கிராம் என்று இருக்கிறது. நுண்துளைமை, அதாவது பாறையில் துளைகளின் பங்கு, 15 சதவீதம் என்கிறார் ஒருவர், 25 என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் கணக்கும் சரிதான். எந்தப் பாறை என்பதில்தான் வேறுபடுகிறார்கள். கருவியிலுள்ள சீசியம் 137 உமிழும் காமா கதிர்கள் பாறையின் எலெக்ட்ரான்களில் மோதிச் சிதறுகின்றன. பாறை அடர்த்தியானால் உணரிக்குத் திரும்பும் கதிர்கள் குறையும். இதிலிருந்து கிடைப்பது பாறையும் துளையிலுள்ள திரவமும் சேர்ந்த மொத்த அடர்த்தி மட்டுமே. நுண்துளைமையை நாம்தான் கணக்கிட வேண்டும்.

துளையே இல்லாத பாறையின் அடர்த்தியிலிருந்து லாக் அளவைக் கழியுங்கள். அதே பாறை அடர்த்தியிலிருந்து திரவத்தின் அடர்த்தியைக் கழித்து, அதனால் வகுங்கள். கிணறு துளைக்கும்போது உள்ளே செலுத்தும் சேறு நன்னீரில் கலந்ததென்றால் திரவத்துக்கு 1.0 போடலாம். மணற்கல் 2.65 என்றால் 0.25 ÷ 1.65, அதாவது 15.2 சதவீதம். சுண்ணாம்புக்கல் 2.71 என்றால் 18.1. டோலமைட் 2.87 என்றால் 25.1.

ஆகவே பாறையை முதலில் முடிவு செய்யுங்கள். அதே கருவி தரும் ஒளிமின் உட்கவர் வரைகோடு (பாறை காமா கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் கோடு) மணற்கல்லில் 1.8, டோலமைட்டில் 3.1, சுண்ணாம்புக்கல்லில் 5.1 அளவில் நிற்கும். சேற்றின் எடையைக் கூட்டச் சேர்க்கும் பாரைட் கனிமம் இருந்தால் மட்டும் இந்த வரைகோட்டை நம்பாதீர்கள். பாரைட்டின் அளவு 260க்கும் மேல். கருவிக்கும் பாறைக்கும் இடையே கொஞ்சம் படிந்தாலே பாறையின் அடையாளத்தை மறைத்துவிடும். அப்போது துளையிடும்போது மேலே வந்த பாறைத் துணுக்குகளும், நியூட்ரான்களைக் கொண்டு நுண்துளைமையை அளக்கும் நியூட்ரான் லாகும்தான் துணை.

கேள்வி: மணற்கல் பகுதியில் நுண்துளைமை திடீரென 45 சதவீதம் காட்டுகிறது. நல்ல படலம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் கிணற்றின் விட்டத்தைக் காட்டும் காலிபரைப் பாருங்கள். எட்டரை அங்குலத் துளைமுனையால் (பிட்) துளைத்த கிணறு அங்கே 12 அங்குலம் இருந்தால், சுவர் கரைந்து விழுந்திருக்கிறது. அடர்த்திக் கருவியின் பட்டை சுவரோடு ஒட்டி உரசிக்கொண்டு வந்தால்தான் அளவு சரியாக இருக்கும். இடையில் சேறு புகுந்தால் பாறையோடு சேற்றின் அடர்த்தியும் கலந்து 1.90 என்று விழும். உங்கள் 45 சதவீதம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இரண்டு உணரிகளை ஒப்பிட்டுக் கருவியே ஓரளவு திருத்திக்கொள்ளும். எவ்வளவு திருத்தியது என்பதற்குத் தனி வரைகோடு உண்டு. அது 0.15ஐத் தாண்டினால் அந்த ஆழத்து அடர்த்தியை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். காலிபர் நன்றாக இருந்தும் திருத்தம் துள்ளுகிறதா? சுவர் சொரசொரப்பாக இருக்கலாம். சின்னச் சின்னக் குழிகளைக் காலிபர் கை எப்போதும் காட்டாது.

கேள்வி: ஒரே ஆழத்தில் நுண்துளைமை நியூட்ரான் லாகில் 9 சதவீதம், அடர்த்தி லாகில் 27 சதவீதம். எதை எடுப்பது?

பதில்: இரண்டும் மணற்கல் அளவுகோலில் (பாறை மணற்கல் என்று வைத்துக்கொண்டு) வாசித்தவையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் அளவுகோலில் அச்சிட்ட நியூட்ரான், சுத்தமான மணற்கல்லில் ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி குறைவாகவே காட்டும். அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் இவ்வளவு இடைவெளி, கிணற்றுச் சுவரும் நல்ல நிலை என்றால், அது பெரும்பாலும் எரிவாயு.

நியூட்ரான் கருவி உணர்வது ஹைட்ரஜனை. தண்ணீரையும் எண்ணெயையும்விட எரிவாயுவில் ஹைட்ரஜன் மிகக் குறைவு; அதனால் துளை இருந்தும் இல்லாததுபோல் தெரிகிறது. வாயு லேசானது என்பதால் அடர்த்திக் கணக்கோ துளையைப் பெருக்கிக் காட்டுகிறது. ஒன்று கீழே, ஒன்று மேலே. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுங்கள்: ஏறத்தாழ 20 சதவீதம். நேர் சராசரியான 18ஐவிட இதுவே உண்மைக்கு அருகில் வரும்.

களிப்பாறையில் நேர்மாறு. களிமண் பிடித்து வைத்திருக்கும் நீரின் ஹைட்ரஜனையும் நியூட்ரான் சேர்த்துக்கொள்வதால் அது அடர்த்திக் கணக்கைவிட ஏறி நிற்கும். களி கலந்த மணற்கல்லில் இந்த ஏற்றம் வாயுவின் இறக்கத்தை ஈடுகட்டி, இரண்டு கோடுகளும் சாதுவாக ஒன்றிப் போய்விடும். வாயு கைநழுவிப் போவது இப்படித்தான். களி கூடினால் பொதுவாக ஏறும் இயற்கைக் காமா கோட்டைப் பக்கத்தில் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: ஒலி பாறையைக் கடக்கும் நேரத்தைப் பதியும் சோனிக் லாக், நுண்துளைமையை ஏன் மற்ற இரண்டைவிடக் குறைவாகச் சொல்கிறது?

பதில்: சுண்ணாம்புக்கல், டோலமைட் போன்ற கார்பனேட் பாறை என்றால் காரணம் குழிகளாக இருக்கலாம். ஒலி, குழிகளைச் சுற்றிக் கெட்டியான பாறை வழியே வேகமாக வந்துவிடும். மற்ற இரண்டும் எல்லாத் துளையையும் கணக்கில் கொள்ளும். அந்த வித்தியாசமே குழிகளின் அளவுக்கு நல்ல தடயம், தூக்கி எறியாதீர்கள். கோடு திடீரென முள்முள்ளாக மேலே துள்ளினால் அது வேறு கோளாறு: பலவீனமான முதல் அலையை உணரி தவறவிட்டு அடுத்த அலையைப் பிடித்திருக்கிறது.

கேள்வி: கருவி சரியாக வேலை செய்கிறதா என்று கிணற்றடியிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. கிணற்றுச் சுவரைக் காக்க இறக்கிய, சிமென்ட் பிடிக்காத கேசிங் குழாய்க்குள் சோனிக் அடிக்கு 57 மைக்ரோ விநாடி காட்ட வேண்டும். அது எஃகின் அளவு. கிணற்றில் துளையற்ற அன்ஹைட்ரைட் கனிமத்தின் தடித்த படலம் இருந்தால் அடர்த்தி 2.98, சோனிக் 50 வர வேண்டும். கருவியை மணிக்கு 1,800 அடிக்கு மேல் இழுக்க விடாதீர்கள். வேகம் கூடினால் உணரி எண்ணும் கதிர்கள் குறைந்து கோடு நடுங்கும். 200 அடியையாவது இரண்டாம் முறை ஓட்டச் சொல்லி, இரண்டு ஓட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கருவி மேலே வந்து கழற்றிய பிறகு இந்தக் கோளாறுகளைச் சரிசெய்ய முடியாது.