ஸ்பெயினின் வலென்சியா போனால் அவ்வூர் அரிசி உணவான பயேயாவை எப்போது, எப்படிப் பார்த்துச் சாப்பிடுவது?

மதியமே போய்விடுங்கள்; அவ்வூரார் பயேயாவை இரவில் சாப்பிடும் வழக்கம் குறைவு. கோழி, முயல், தட்டை பீன்ஸ், லைமா பீன்ஸ், குங்குமப்பூ இருந்தால் அது வலென்சியா முறை. சொரிசோ (பன்றித் தொத்திறைச்சி) கிடந்தால் வேறு கடை பாருங்கள்.

அரிசி போட்டபின் கிளறக் கூடாது. கிளறினால் மாவுச்சத்து கரைந்து சோறு குழைந்துவிடும். வேக 18 நிமிடமாவது ஆகும். ஐந்தே நிமிடத்தில் தட்டு வந்தால் அது முன்பே சமைத்தது. விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பிய சோற்றின் அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் ‘சொக்கர்ராட்’டைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிடுங்கள். அதுதான் உயிர்! கருகிக் கசந்தால் தீ மிஞ்சிவிட்டது.

பக்கத்து அல்போராயாவில் ஓர்ச்சாத்தா குடியுங்கள்: கோரை இனக் கிழங்கை ஊறவைத்து அரைத்த இனிப்புப் பால். காய்ச்சினால் கஞ்சியாகும், வைத்தால் புளிக்கும். ஃபார்தோன் ரொட்டியைத் தோய்த்து அங்கேயே, ஜில்லென்று குடிக்க வேண்டும்.