ஓடிடி, கேபிள், கிரிக்கெட் விளம்பரம்: எந்தக் குறைக்கு எங்கே போவது? (கேள்வி பதில்)

ராயபுரம் சந்தாதாரர்: சார், கிரிக்கெட், சீரியல், படம் எல்லாம் ஒரே ஆப்ல வந்துடுச்சு. ரேட்டை ஏத்தினா இந்தியப் போட்டி ஆணையத்துல (சிசிஐ) புகார் குடுக்கலாமா?

நிறுவனங்களுக்கு இடையிலான போட்டியைக் கெடுக்காமல் பார்ப்பதே அந்த ஆணையத்தின் வேலை; விலையை ஏற்றியது மட்டுமே குற்றமாகாது. போட்டிச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி மூன்றைக் காட்ட வேண்டும்: சந்தை எது, அதில் அந்த நிறுவனத்துக்கு ஆதிக்கம் உண்டா, அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதா. மனு சறுக்குவது முதல் படியில்தான். சந்தை 'ஓடிடி' என்று பொதுவாக எழுதினால் நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜீ5 எல்லாம் உள்ளே வந்துவிடும், ஆதிக்கம் கரைந்துவிடும். 'நேரலை கிரிக்கெட்' என்று குறுக்கினால்தான் வாதத்துக்கு வலு. முகாந்திரம் இல்லையென்றால் அதே சட்டத்தின் 26(2)-ஆம் பிரிவின் கீழ் மனுவை முடித்துவிடுவார்கள். தனிநபருக்குக் கட்டணம் ரூ.5,000. சம்பவம் நடந்த 3 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கேட்காமல் ஆட்டோபேயில் பணம் எடுத்தால் போட்டி ஆணையத்துக்குப் போகாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், தீராவிட்டால் சென்னை (வடக்கு) நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை: ஐபிஎல்லுக்கு மொபைல் விளம்பரம் மட்டும் கேட்டா, டிவியையும் சேர்த்து எடுங்கன்றாங்க ஏஜென்சியில. இது சரியா?

இதை விடாதீர்கள். ஐபிஎல்லை டிவியிலும் மொபைலிலும் காட்டும் ரிலையன்ஸ்–டிஸ்னி இணைப்புக்கு 2024 ஆகஸ்ட் 28-இல் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் கிடைத்தது நிபந்தனையோடு. ஐபிஎல், ஐசிசி, பிசிசிஐ ஆட்டங்களுக்கு டிவி விளம்பர ஸ்லாட்டையும் ஓடிடி விளம்பர ஸ்லாட்டையும் ஒன்றாகக் கட்டி விற்க மாட்டோம் என்று, கையிலுள்ள உரிமம் முடியும்வரை நிறுவனங்கள் உறுதி தந்திருக்கின்றன. ஐபிஎல் உரிமம் 2027 வரை.

முதலில் பேக்கேஜ் போடுவது ஏஜென்சியா, ஒளிபரப்பாளரா என்று பிரித்துப் பாருங்கள். ஏஜென்சி தானாகப் போட்டதென்றால் அந்த உறுதிமொழி அவர்களைக் கட்டாது. மொபைலுக்குத் தனி ரேட் கார்டு கேட்டு ஒளிபரப்பாளரின் விற்பனைப் பிரிவுக்கே மெயில் போடுங்கள். போனில் பேசியது ஆதாரமாக நிற்காது. 'சேர்த்துத்தான்' என்று பதில் வந்தால் அந்த மெயில், ரிலீஸ் ஆர்டர் (விளம்பரம் போடச் சொல்லும் ஆணை), பில் மூன்றையும் இணைத்து போட்டி ஆணையத்துக்கு அனுப்புங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுத்தில் கேட்கலாம்.

வியாசர்பாடி கேபிள் ஆபரேட்டர்: அண்ணே, எங்களுக்கு சிக்னல் குடுக்குற பெரிய கேபிள் கம்பெனி, அதான் எம்எஸ்ஓ, எங்க பங்கைக் குறைக்கிறாரு. இதுவும் அதே ஆணையமா?

இல்லை தம்பி. இது டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2017 இன்டர்கனெக்‌ஷன் விதி. பேசி முடிவு எட்டாவிட்டால் நெட்வொர்க் கட்டணத்தில் (சேனல் விலை போக, இணைப்புக்காக வாடிக்கையாளர் கட்டுவது) எம்எஸ்ஓவுக்கு 55, உங்களுக்கு 45 சதவீதம். வழக்கு டிடிசாட்டில், அதாவது தொலைத்தொடர்பு, கேபிள் தகராறுகளுக்கான தீர்ப்பாயத்தில். கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல் போனால் அலைச்சல்தான். சேனல் விலைக்கு இருக்கும் டிராய் கட்டுப்பாடு ஓடிடிக்கு இல்லை. இரண்டும் ஒரே வீட்டு வாடிக்கையாளருக்குப் போட்டியிடும்போது இது பெரிய ஓட்டை.

தண்டையார்பேட்டை சட்ட மாணவி: ஆணையம் இணைப்பைத் தடுக்காதா சார்?

தடுக்க அதிகாரம் உண்டும்மா. ஆனால் நிபந்தனையோடு அனுமதிப்பதே வழக்கம். ஜீ–சோனி இணைப்புக்கு 2022 அக்டோபரில் அப்படித்தான், 3 சேனல்களை விற்கச் சொல்லி அனுமதித்தது. 2024 ஜனவரியில் அது முறிந்தது சோனி விலகியதால். 2024 செப்டம்பர் 10 முதல் ரூ.2,000 கோடிக்கு மேற்பட்ட பேரத்தை, இந்தியாவில் கணிசமான தொழில் இருந்தால், விற்றுமுதல் சிறியதானாலும் ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆணையம் முடிவு சொல்லக் கெடு 150 நாள்.