மடை, கூலி, பாகம்: பாக்கிய வசனங்களை வாழ்ந்து பார்க்கக் கேள்வி பதில்

மத்தேயு 5:3–12-ல் ‘இன்னார் பாக்கியவான்கள்’ என்று இயேசு சொன்ன பாக்கிய வசனங்களை வயலிலும் வீட்டிலும் எப்படிக் கைக்கொள்வது என்று தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்துச் சபை மக்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘பேறுபெற்றோர்’ என்றிருக்கும். இங்கே பழைய திருப்புதலின் ‘பாக்கியவான்கள்’ வருகிறது.

கேள்வி (நீடாமங்கலம் பக்கம்): ஐயா, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். எங்கள் முறையில் மேல்வயல்காரர் ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திருப்பிக்கொள்கிறார். சாந்தகுணம் என்றால் பொறுத்துக்கொண்டு போவதா?

பதில்: இல்லை தம்பி. ‘சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்’ என்பதன் வேர் சங்கீதம் 37:11. நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பதறுகிறவர்களுக்கான பாட்டு அது. எட்டாம் வசனத்தைப் பாருங்கள்: கோபத்தை விடச் சொல்கிறது, உரிமையை விடச் சொல்லவில்லை. மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12:3 சொல்லும் மோசேதான் பார்வோன் முகத்துக்கு நேரே நின்றவர்.

முதலில், ராத்திரியில் மண்வெட்டியோடு மடைக்குப் போகாதீர்கள். இருட்டில், கோபத்தில் இரண்டு பேர் வாய்க்கால் கரையில் எதிரெதிரே நின்றால் அது தண்ணீரோடு முடியாது. எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் தனியாக அவர் வீட்டுக்குப் போங்கள், டீக்கடையில் வைத்துக் கேட்காதீர்கள். மத்தேயு 18:15 சொல்லும் முதல் படி இதுதான். ‘நீங்க தண்ணி திருடுறீங்க’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க வயலுக்குத் தண்ணி வரலைண்ணே’ என்றால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவருடையது மேட்டு வயலாக இருந்து, அவர் முறை நேரத்தில் தண்ணீர் ஏறாமலே போயிருக்கலாம். அப்படியானால் நேரத்தை மாற்றிக்கொள்வதில் பாதிச் சண்டை தீரும்.

அதற்கும் மசியவில்லையா, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதில் ஒருவராவது அவர் மதிக்கிறவராக இருக்க வேண்டும். உங்கள் மச்சானையும் மாமனையும் மட்டும் கூட்டிப்போனால் அதற்குப் பேர் படை. அடுத்தது ஊர்ப் பெரியவர்கள் அல்லது பாசன சங்கம், கடைசியாக நீர்வளத் துறைக்கு மனு. மனுக் கொடுப்பது சாந்தத்துக்கு விரோதமல்ல, பவுலே ரோமப் பேரரசனாகிய இராயனிடம் முறையிட்டிருக்கிறார் (அப்போஸ்தலர் 25:11).

இந்த வரிசை கெடுகிற இடம் பெரும்பாலும் சபைதான். முதல் படியைத் தாண்டிவிட்டு, ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் அவர் பெயரை எல்லார் முன்னும் சொல்லிவிடுகிறோம். அது அவர் காதுக்குப் போன பிறகு சமாதானம் பேச முடியாது. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்குக் கீழே இருக்கிற கடைமடைக்காரருக்கு நீங்கள் எப்படி?

கேள்வி (திருத்துறைப்பூண்டி): நடவாட்களுக்குக் கூலியை வாரக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கிறோம். கோயிலுக்குக் காணிக்கை குறைவில்லாமல் கொடுக்கிறோம். இதில் தவறு உண்டா?

பதில்: உண்டு சகோதரி. கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. பொழுது போகுமுன்னே கொடு என்கிறது உபாகமம் 24:15. அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4-ல் இருக்கிறது. ‘நீதியின்மேல் பசிதாகம்’ என்று இயேசு சொன்னபோது பசி என்ற சொல்லையே எடுத்தார். பசி ராத்திரிக்கு ராத்திரி வரும், சனிக்கிழமைக்குக் காத்திருக்காது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். நாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய ராத்திரி அது. இந்த மண்ணில் இந்த வசனத்தை வாசிக்கிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

வயலில் கால் வைக்கும் முன்பே கூலியைப் பேசி முடியுங்கள். காலையிலேயே சில்லறை மாற்றி வையுங்கள், ‘சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்க’ என்பதில்தான் பாக்கி ஆரம்பிக்கிறது. டீ, பலகாரத்தைக் கூலியில் கழிக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இரண்டு நோட்டில் எழுதி ஒன்றை அவர்களிடம் கொடுங்கள். கழிப்பதையும் ஒரே நாளில் கழித்து வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வாரக் கூலிதான் வேண்டும் என்று அவர்களே கேட்டால் அது வேறு.

வயல் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடு என்ற கட்டளை (லேவியராகமம் 19:9–10) மெஷின் அறுப்பில் அர்த்தமற்றுப் போய்விட்டது, பொறுக்கக் கதிர் மிஞ்சுவதில்லை. அதனால் மூட்டை பிடிக்கும் முன்பே அந்தப் பங்கைக் களத்தில் தனியாக அளந்து வையுங்கள். விற்ற பிறகு பார்க்கலாம் என்றால் மிஞ்சாது.

கேள்வி (கும்பகோணம்): அண்ணன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணி, இரண்டு மகன், ஒரு மகள். மகளிடம் பங்கு வேண்டாம் என்று எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவையுங்கள் என்று பையன்கள் கேட்கிறார்கள். சித்தப்பா நான் என்ன செய்ய?

பதில்: கணக்கைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அண்ணிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமம். சொத்தை ஒன்பது பங்காக்கினால் தாய்க்கு மூன்று, பிள்ளைக்கு இரண்டிரண்டு. கல்யாணத்துக்குப் போட்ட நகை, செய்த சீர் எதையும் அந்தப் பெண்ணின் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை.

பிறகு அவளை அண்ணன் தம்பி இல்லாத இடத்தில் பார்த்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பத்திரத்தின் நகலை அவள் கையில் கொடுத்து இரண்டு வாரமாவது விடுங்கள். எல்லாம் தெரிந்து மனதோடு விட்டுக்கொடுத்தால் அது அவள் ஈவு. ‘பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும்’ என்ற பயத்தில் வாங்கிய கையெழுத்தை எரேமியா 6:14 அறியும்: சமாதானமில்லாதபோது சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மேலாக மூடுவது. இயேசு பாக்கியவான் என்றது சமாதானத்தை உண்டுபண்ணுகிறவரை. பையன்கள் உங்கள்மேல் கோபப்படுவார்கள், அதற்குத் தயாராகப் போங்கள்.

கேள்வி (வேதாரண்யம்): துக்க வீட்டில் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

பதில்: ‘எல்லாம் தேவசித்தம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள் (யோபு 2:13). கூட்டம் கலைந்த மறுவாரம் சாப்பாடு கொண்டுபோங்கள். வாரிசுச் சான்றுக்கும் வங்கிக்கும் கூடப் போங்கள்.

கேள்வி (பாபநாசம்): நெல் போடப் போன அரசு கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காசு கேட்டார்கள். மறுத்ததால் நெல் வெளியில் கிடக்கிறது. இது நீதியினிமித்தம் துன்பப்படுவதா?

பதில்: முதலில் உங்கள் மூட்டையைப் பாருங்கள். ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 சதவீதம். நெல்லின் ஈரம் அதற்கு மேல் இருந்து திருப்பினால் அது துன்பம் அல்ல, காயவைக்கும் வேலை. குற்றத்துக்காகப் பட்டதில் கீர்த்தியில்லை என்கிறது 1 பேதுரு 2:20. நெல் சரியாக இருந்து, காசு கொடுக்காததற்காகக் கிடக்கிறதென்றால் ஆம், அந்த வசனம் உங்களுக்குத்தான். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஒரு ஏழை விதவையின் வழக்கில் தலையிட்டதை ஒட்டி எழுந்த தகராறில் 1708-ல் டேனிஷ் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைபட்டார். அவர் ஜெபிக்கவும் செய்தார், மேலிடத்துக்கு முறையிடவும் செய்தார்.

நீங்களும் தனியாக நிற்காதீர்கள். அதே வரிசையில் இருக்கிற நாலு பேராகக் கையெழுத்திட்டு, தேதி, மூட்டைக் கணக்கோடு கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தார்ப்பாய்க்குச் சேர்ந்து செலவழியுங்கள், அடியில் வைக்கோல் போட மறக்காதீர்கள். மழைக்குப் பயந்து காசைக் கொடுத்துவிட்ட பக்கத்துக்காரரைத் திட்டாதீர்கள், அடுத்த மனுவில் அவர் கையெழுத்தும் வேண்டியிருக்கும்.