பிளவுக்கோட்டின் அருகே மனை வாங்கலாமா?

கேள்வி: மியான்மரில் பெகுவுக்கு வெளியே வயலை மனையாகப் பிரித்து விற்கிறார்கள். சகாயிங் பிளவு அந்தப் பக்கமாகத்தான் போகிறது என்று என் கொழுந்தனார் தடுக்கிறார். 2025 பூகம்பத்தில் நிலம் அப்படியே நகர்ந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்கும் பயம். நிலம் பிளந்து வீட்டை உள்ளே இழுத்துக்கொள்ளுமா? பிளவு அந்த மனையில் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகி, பெகு

பதில்: நிலம் வாயைத் திறந்து வீட்டை விழுங்காது, அம்மா. ஆனால் உங்கள் கொழுந்தனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிளவு என்பது பூமியின் பாறைப் பாளங்கள் உடைந்து, ஒன்றையொன்று உரசி நகரும் இடம். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது பிளவின் வகையைப் பொறுத்தது.

பூமி இழுபடும் இடங்களில், சாய்ந்த பிளவின் மேல்பக்கப் பாறைப் பாளம் கீழே சரியும். இது இயல்புப் பிளவு. அந்தமான் கடலடியில் நிலம் விரிகிற இடத்தில் இந்த வகை உண்டு. பூமி நெருக்கப்படும் இடங்களில் அதே பாளம் மேலே ஏறும். இது எதிர்ப் பிளவு. 1762ஆம் ஆண்டு மியான்மரின் மேற்குக் கரையில் வந்த அரக்கான் பூகம்பத்தில் செடூபா தீவின் கரை கடலிலிருந்து உயர்ந்தது இப்படித்தான்.

சகாயிங் மூன்றாவது வகை, பக்கவாட்டுப் பிளவு. 1,200 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில், கிட்டத்தட்ட நேராக வடக்கு தெற்காக ஓடுகிறது. அதன் மேற்குப் பாளம் வடக்கே போகிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எதிர்ப்பக்கம் வலது கைப்பக்கமாக நகரும். ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நகர வேண்டிய பாளங்கள் மேல்பகுதியில் ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கின்றன. இறுக்கம் அறும்போது சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்துவிடும். நீங்கள் பார்த்த வீடியோ மியான்மரின் நடுப்பகுதியிலுள்ள தாசி ஊர் அருகே பதிவானது. அங்கே நிலம் ஒன்றேகால் வினாடியில் சுமார் இரண்டரை மீட்டர் நகர்ந்தது.

அன்று 400 கிலோமீட்டருக்கும் மேல் பிளவு உடைந்தும், பெகு அருகேயுள்ள துண்டு உடையவில்லை. அது கடைசியாகப் பெரிதாக உடைந்தது பெகுவின் ஷ்வேமோடோ பகோடா இடிந்து விழுந்த 1930 மே 5ஆம் தேதி. அதன்பின் ஒரு மீட்டருக்கு மேல் நகர்வு அங்கே சேர்ந்திருக்கும். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி மனைக்கு வருவோம். பிளவு கோடு மாதிரிதான் போகும், ஊர் முழுக்கப் பரவாது. பெகுவுக்கு வடக்கே பயாஜீ பக்கம் 16ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர் ஒன்று அந்தக் கோட்டில் வெட்டுப்பட்டு, சுமார் ஆறு மீட்டர் விலகி நிற்கிறது. உங்கள் மனையைச் சுற்றியும் அதையே தேடுங்கள். பழைய வரப்பு, வாய்க்கால், வேலி ஆகியவை ஒரே கோட்டில் எல்லாம் வலப்பக்கம் ஒடிந்திருக்கிறதா? வடக்கு தெற்காக மேடுகளோ நீர் தேங்கும் குட்டைகளோ வரிசையாக இருக்கிறதா? கோடையில் வயல் காய்ந்து எல்லாத் திசையிலும் வலைபோல் வெடிப்பது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். பூகம்பத்துக்குப் பிறகு வடகிழக்கு தென்மேற்காகச் சாய்ந்த வெடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்தால்தான் சந்தேகம்.

கோட்டின் மேலேயே வீடு கட்டினால் எந்த அஸ்திவாரமும் தாங்காது. கலிபோர்னியாவில் 1972இல் வந்த சட்டப்படி பொதுவாக 50 அடி விலகிக் கட்ட வேண்டும். கோடு துல்லியமாகத் தெரியாத இடத்தில் நான் 100 அடியாவது விடச் சொல்வேன். வரப்புகள் ஒடிந்திருக்கும் மனை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

விலகிவிட்டால் மட்டும் போதாது, குலுக்கல் எல்லா இடத்துக்கும் வரும். பெகுவின் வண்டல் மண் அதைப் பெரிதாக்கும். ஈரமான மணல் குலுங்கும்போது சேறாக இளகி வீட்டைச் சாய்க்கும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், பக்கத்தில் கிணறு வெட்டியவர்களைப் பாருங்கள். எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, அங்கே களிமண்ணா மணலா என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து அடிக்குள் தண்ணீரும் தளர்ந்த மணலும் இருந்தால் கனமான செங்கல் மாடி வேண்டாம். தகரக் கூரை போட்ட மரவீடோ, அஸ்திவாரத்திலும் கதவு மட்டத்திலும் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை சுற்றிய ஒரு தள வீடோ போதும்.