ஒரே டன்னுக்கு இரண்டு பட்டா

கேள்வி: கார்பன் சந்தையை நம்பகமாக்க உலக நாடுகள் சேர்ந்து விதி வகுக்கின்றன என்று படித்தேன். கண்ணுக்குத் தெரியாத புகையை விற்பதில் நம்பிக்கை எங்கிருந்து வரும்? அதற்கு நாடுகள் ஏன் கூடிப் பேச வேண்டும்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்குக் கார்பன் வரவு கிடைத்துக்கொண்டிருந்த நாட்களில், அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன் அம்மா. புவியைச் சூடாக்கும் புகையைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் வந்த ஏற்பாடு அது. காற்றாலை மின்சாரம் தந்தால் அந்த அளவுக்கு நிலக்கரி எரிப்பது மிச்சம். மிச்சமாகும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒரு வரவு. ஐரோப்பிய நிறுவனங்கள் அதை வாங்கித் தங்கள் புகைக் கணக்கை ஈடுகட்டிக்கொள்ளும்.

மீட்டர் பார்ப்பது எளிது. ஆரல்வாய்மொழிக் காற்று கையிலிருக்கும் தாளைப் பிடுங்கப் பார்க்கும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்வாரிய ரீடிங்கோடு எண்களை ஒப்பிடுவேன். யூனிட்டில் பெரிதாகப் பிசகு வராது. சிக்கல் வேறு இடத்தில். வரவுப் பணம் வரும் என்று நம்பித்தான் இந்தக் காற்றாலையைப் போட்டார்களா, அது இல்லாவிட்டாலும் போட்டிருப்பார்களா? போட்டிருப்பார்கள் என்றால் புதிதாக எந்தப் புகையும் குறையவில்லை. அப்போது காற்றாலைக்கு ஒரே ஆண்டில் 80 சதவீதம் தேய்மானம் காட்டி வருமான வரியை மிச்சப்படுத்தலாம். அதற்காகவே போட்டவர்கள் உண்டு.

ஒரு நிறுவனம், கார்பன் வருமானத்தைக் கருத்தில் கொண்டே முதலீடு செய்கிறோம் என்று இயக்குநர் குழு போட்ட தீர்மானத்தின் நகலைத் தந்தது. தேதி சரி, கையெழுத்தும் சரி. ஆனால் லெட்டர்பேடில் இருந்த முகவரிக்கு அவர்கள் அலுவலகம் மாறியதே அந்தத் தேதிக்கு எட்டு மாதம் கழித்துத்தான். அறிக்கையில் அப்படியே எழுதினேன். அடுத்த முறை வேறு தணிக்கையாளரைப் பிடித்துக்கொண்டார்கள். தணிக்கைக் கட்டணத்தைக் கொடுப்பது அவர்கள்தானே!

இதைவிடப் பெரிய ஓட்டை குளிர்பதன வாயுவில் இருந்தது. அதைத் தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வெளியேறும். அதில் ஒரு டன்னை எரித்தால் 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்கான வரவு கிடைத்தது. எரிக்க ஆகும் செலவு சொற்பம். சரக்கைவிடக் கழிவு லாபமாகிப்போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 மே மாதத்திலிருந்து இந்த வரவுகளை ஏற்பதில்லை என்று கதவைச் சாத்தியது.

சரி, நாடுகள் ஏன் கூட வேண்டும்? நிலம் விற்பதை நினைத்துப் பாருங்கள். பத்திரம் பதிந்தால் போதாது, பட்டாவும் மாற வேண்டும். இல்லாவிட்டால் விற்றவர் பெயரிலும் நிலம் இருக்கும், வாங்கியவரும் தனது என்பார். கியோட்டோ காலத்தில் வளரும் நாடுகளுக்குப் புகைக் குறைப்பு இலக்கே கிடையாது. அதனால் இந்தத் தகராறு வரவில்லை. 2015-இன் பாரிஸ் ஒப்பந்தத்தில் எல்லா நாடுகளும் இலக்கு வைத்துவிட்டன. இப்போது ஒரு டன்னை விற்ற நாடும் ‘நான் குறைத்தேன்’ என்று எழுதலாம், வாங்கிய நாடும் எழுதலாம். ஆகவே விற்கும் நாடு அந்த டன்னைத் தன் புகைக் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பட்டா மாறுதல் போலத்தான். ஆனால் இங்கே ஏடுகள் இரண்டும் இரண்டு நாடுகளில் இருக்கின்றன. பொது விதியும் பொதுப் பதிவேடும் இல்லாமல் ஒன்றின் ஏட்டை மற்றது எப்படி நம்பும்?

பாங்காக்கில் ஓடும் மின்சாரப் பேருந்துகள் மிச்சப்படுத்திய 1,916 டன்னைத் தாய்லாந்து சுவிட்சர்லாந்துக்கு விற்றது. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு இப்படிக் கைமாற்றியது அதுவே முதல்முறை. 2024 தொடக்கத்தில் செய்தி வந்தது. அளவு சின்னதுதான். இருந்தும், இரண்டு ஏட்டிலும் சரியாக எழுதப்பட்ட டன் என்பதால் எனக்கு அதில் மதிப்பு அதிகம். இதற்கான அடிப்படை விதிகளை 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். மிச்சத்தை 2024 நவம்பரில் பாகு மாநாட்டில் ஒருவழியாக முடித்தார்கள்.

எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. தணிக்கையாளருக்குப் பணம் திட்டக்காரர் கையிலிருந்து போகக் கூடாது. எல்லோரும் ஒரு பொது நிதியில் கட்டணத்தைக் கட்ட, யார் எதைத் தணிக்கை செய்வது என்பதை அந்தப் பொது அமைப்பே முடிவு செய்யட்டும். அது நடக்காதவரை அந்த லெட்டர்பேடு மாதிரி தாள்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: எங்கள் தோப்பில் நாற்பது மாமரம் இருக்கிறது. கார்பன் பணம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– விவசாயி, கிருஷ்ணகிரி

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. ஏற்கெனவே நிற்கும் மரம் புதிதாக எதையும் குறைத்ததாகக் கணக்கில் வராது. புதிதாக நட்டாலும் தனி ஆளுக்குத் தணிக்கைச் செலவு கட்டுப்படியாகாது. பல நூறு விவசாயிகளைச் சேர்த்துத்தான் திட்டம் போடுவார்கள். அப்படி ஒன்று வந்தால், மார்பளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுக்க டேப்போடு ஆள் வர வேண்டும். வராமல் வெறும் கையெழுத்து மட்டும் கேட்டால் போடாதீர்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, எத்தனை ஆண்டு மரத்தை வெட்டக் கூடாது என்ற வரி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் படியுங்கள்.